டயர் இல்ல, ஆயில்

உங்களுக்குக் கார் இருக்கா தம்பி? இல்லையா. நல்லதாப் போச்சு. கார் வச்சிருக்கவங்ககிட்ட இதைச் சொன்னா பாதியிலயே அவங்க கார் கதையை ஆரம்பிச்சிடுறாங்க. நம்ம கதை அங்கயே நின்னுபோயிடுது.

நீங்க தேனியா? நான் பெரியகுளத்துல இறங்கணும். இப்பத்தான் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்கோம், நிறைய நேரம் இருக்கு. சன்னலை வேணா இழுத்து விட்டுக்கலாம், சாரல் உள்ள அடிக்குது. போதும், அவ்வளவு போதும்.

என் பேரு ஆதிமூலம். மின்வாரியத்துல உதவிப் பொறியாளரா இருந்து ரிட்டயர் ஆகி ஆறு வருசம் ஆச்சு. வீடு மலையில, தாண்டிக்குடிக்கு மேல. கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, பத்துப் பன்னிரண்டு ஆரஞ்சு மரம். நானும் சம்சாரமும் அங்க இருந்தோம். இருந்தோம் என்ன, இருக்கோம்தான். அவ இப்ப பெரியகுளத்துல மக வீட்டுல இருக்கா. பத்து நாள் இருந்துட்டு வரேன்னு போனா. போனது ஐப்பசியில. இப்ப ஆனி. பேத்தி சின்னப் புள்ள பாருங்க, விடமாட்டேங்குது.

காரைப் பத்தித்தானே சொல்ல வந்தேன். ரிட்டயர் ஆனப்ப ஒரு எஸ்.யு.வி. வாங்கினேன், ஏழு பேர் உக்கார்ற வண்டி. மெயின் ரோட்டுலயிருந்து எங்க வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஏத்தம்னா அப்படி ஒரு ஏத்தம். மழை பேஞ்சா சாதாரண கார் ஏறாது. அதுக்காகவே ஆல் வீல் டிரைவ் வேணும்னு கேட்டு வாங்கினேன். அப்படின்னா என்னன்னு தெரியுமா? சொல்றேன். சாதாரணமா ஓட்டுறப்ப முன்சக்கரம் ரெண்டும்தான் வண்டியை இழுக்கும். முன்சக்கரம் சேத்துல வழுக்குதுன்னு தெரிஞ்ச உடனே, பின்னாடி ஒரு கப்ளிங் இருக்கு, அது பிடிச்சுக்கிட்டு பின்சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கும். நாலு சக்கரமும் சேந்து வேலை செய்யும். மனுசன் ஒண்ணும் பண்ண வேண்டாம், தானாவே நடக்கும்.

ஆனா அதுல ஒரு விசயம். நாலு டயரும் ஒரே அளவு தேய்ஞ்சிருக்கணும். முன்னாடி புது டயர், பின்னாடி தேய்ஞ்ச டயர்னா ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்தும். கப்ளிங் அதைச் சமாளிச்சுச் சமாளிச்சு சூடாகி ஒருநாள் போயிடும். இதெல்லாம் நான் படிச்சு வச்சிருந்தேன். வண்டிக்குன்னு தனி ஃபைல் போட்டு வச்சிருக்கேன் தம்பி. எந்தத் தேதியில எத்தனை லிட்டர் டீசல், எந்தக் கிலோமீட்டர்ல எந்த வேலை, எல்லாம் எழுதியிருக்கும்.

போன வருசம் மாசி மாசம் மாப்பிள்ளை வண்டி கேட்டாரு. இளம்பரிதின்னு பேரு. பெரியகுளத்துல மெடிக்கல் வச்சிருக்காரு. குமுளியில ஒரு கல்யாணம், அவங்க ஆளுங்க ஏழு பேரு போகணும். குடுத்தேன். குடுக்கறப்ப ஒரு மணி நேரம் நிப்பாட்டி எல்லாம் சொன்னேன். எந்த பங்க்ல டீசல் போடணும், வளைவுல எந்த கியர்ல எறங்கணும், எல்லாம். மகளுக்குக் கோவம். "அப்பா, அவரு பதினஞ்சு வருசமா வண்டி ஓட்டுறாரு"ன்னா. பதினஞ்சு வருசம் ஓட்டினா தெரிஞ்சிடுமா?

போன இடத்துல முன் டயர் ஒண்ணு கல்லுல பட்டு பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கு. மாப்பிள்ளை என்ன பண்ணியிருக்காரு, முன்னாடி ரெண்டையும் புதுசா மாத்தி, வண்டியைக் கழுவித் தொடைச்சுக் கொண்டுவந்து நிறுத்தினாரு. நான் பாத்தேன். "ரெண்டு மட்டும் மாத்தினீங்களா?"ன்னு கேட்டேன். "ஆமா மாமா, பின்னாடி ரெண்டும்..."னு ஏதோ சொல்ல வந்தாரு. நான் ஆல் வீல் டிரைவ்னா என்னன்னு விளக்க ஆரம்பிச்சேன். கடைசி வரைக்கும் நின்னு கேட்டுட்டு, டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.

வைகாசியில கோடைமழை. ஏத்தத்துல பாதியில வண்டி நின்னுபோச்சு. மீட்டர்ல மஞ்சள் விளக்கு. ஆல் வீல் டிரைவ் வேலை செய்யலைன்னு எழுத்து வருது. முன்சக்கரம் ரெண்டும் சும்மா சுத்துது, பின்சக்கரம் அசையல. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தருக்கு போன் போட்டு, "டயர் அளவு வித்தியாசம் இருந்தா இப்படி ஆகும்ல?"ன்னு கேட்டேன். "ஆகலாம் சார்"னாரு. ஆகலாம்னாரு. எனக்கு அது போதும்.

அதுக்கப்புறம் ஆவணியில பேத்திக்குக் காதுகுத்து. ஆதிரைன்னு பேரு, அப்ப மூணு வயசு முடிஞ்சிருந்துச்சு. மண்டபத்துல மாப்பிள்ளையோட அக்கா, அவங்க வீட்டுக்காரரு, சொந்தக்காரங்க எல்லாம் பந்தியில உக்காந்திருக்காங்க. யாரோ கேட்டாங்க, "பெரிய வண்டி வச்சிருப்பீங்களே, பஸ்ல வந்தீங்களா?"ன்னு. கேட்டா பதில் சொல்லணும்ல? சொன்னேன். டயர் விசயம், கப்ளிங் விசயம், எல்லாம் சொன்னேன். சொல்லிட்டுக் கடைசியில ஒரு தமாசுக்கு, "மாப்பிள்ளைக்கு மாத்திரை எண்ணத் தெரியும், வேறென்ன தெரியும். பொண்ணைக் குடுத்த மாதிரியே யோசிக்காம வண்டியையும் குடுத்துட்டேன்"னு சொன்னேன்.

தமாசுதான் தம்பி. ஆபீஸ்ல இதைவிடப் பெரிசாப் பேசியிருக்கேன், எல்லாரும் சிரிப்பாங்க.

இங்க யாரும் சிரிக்கல. மாப்பிள்ளை சாம்பார் வாளியை வச்சுக்கிட்டு எனக்கு எதிர்லதான் நின்னுகிட்டிருந்தாரு. அடுத்த இலைக்குப் போயிட்டாரு. அவங்க அக்கா பாதி இலையில கை கழுவ எந்திரிச்சாங்க. அவங்களுக்குச் சர்க்கரை இருக்கு, அளவாத்தான் சாப்பிடுவாங்கன்னு நான் நெனச்சேன்.

அதுக்கப்புறம் மக எங்க வீட்டுக்கு வரல. ஆயுதபூசைக்கு வருவான்னு பாத்தேன், வரல. போன் பண்ணினா, "அம்மாகிட்ட குடுங்கப்பா"ம்பா. குடுப்பேன். அம்மாவும் மகளும் வெளியில போய் நின்னு பேசுவாங்க, உள்ள சிக்னல் இருக்காதுன்னு. உள்ள சிக்னல் நல்லாத்தான் இருக்கும்.

ஏன் வண்டியை உடனே சரி பண்ணலைன்னு கேப்பீங்க. எல்லாரும் கேட்டாங்க. சரி பண்ணிட்டா ஆதாரம் போயிடும்ல? நாளைக்கு அவங்க வந்து, "வண்டி நல்லாத்தானே ஓடுது"ன்னு சொன்னா நான் எதைக் காட்டுறது? மின்வாரியத்துல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சா, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுற வரைக்கும் அதைத் தொடவே விடமாட்டேன். அந்தப் பழக்கம். காய்ஞ்ச ரோட்டுல முன்சக்கரத்தை வச்சே ஓட்டிக்கலாம். மழைன்னா எடுக்கறதில்ல. அவ்வளவுதான்.

ஐப்பசியில அப்படி ஒரு மழை. என் சம்சாரம், தமயந்தின்னு பேரு, மகளைப் பாத்துட்டு வரேன்னா. புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னா. சரி, பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்னு வண்டியை எடுத்தேன். எங்க வீட்டுலயிருந்து எறங்கி, ஓடைகிட்ட ஒரு சின்ன ஏத்தம் ஏறித் திரும்பணும். அங்க மாட்டிக்கிச்சு. முன்சக்கரம் சுத்துது, சேறு கண்ணாடி மேல எல்லாம் அடிக்குது. நான் முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடி போட்டுப் பாக்கறேன். "பாத்தியா, பாத்தியா, உன் மாப்பிள்ளை பண்ணின வேலையை"ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுறேன். ஒரு இருபது நிமிசம் இருக்கும்.

கதவைத் திறந்து எறங்கினா. பையை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டா. "நான் நடந்துக்கறேன்"னா. "இரு, வந்திடும்"னேன். "நீங்க பாத்துக்கங்க"ன்னுட்டு நடக்க ஆரம்பிச்சா. ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கும் ரோட்டுக்கு. அவளுக்கு முழங்கால் வலி வேற. வண்டியை நடுவழியில விட்டுட்டு நான் எப்படிக் கூடப் போக முடியும், சொல்லுங்க? கண்ணாடியை எறக்கி, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு"ன்னு கத்தினேன். திரும்பிப் பாக்கல. மழைச் சத்தத்துல கேட்டிருக்காது.

ஒரு மணி நேரம் கழிச்சு எஸ்டேட் ஆளுங்க நாலு பேர் வந்து தள்ளி விட்டாங்க. அவங்களுக்கும் டயர் விசயத்தை வெளக்கிச் சொன்னேன்.

அப்புறம் தனியாத்தான். சமையல் எனக்கு வரும், அது பிரச்சனை இல்ல. காலையில கஞ்சி, மத்தியானம் சோறு வடிச்சு ஒரு ரசம். மார்கழி, தை எல்லாம் அந்தப் பக்கம் மூணு மணிக்கே பனி எறங்கிடும். வாசல்ல நின்னா எதிர்ல இருக்கற கேட் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் போன் அடிச்சுச்சு. எடுத்து அலோன்னு சொல்றேன், குரல் வரல. ரெண்டு தடவை செருமினதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. கணக்குப் போட்டுப் பாத்தா, பேசி நாலு நாள் ஆகியிருக்கு. கார் இன்சூரன்ஸ்லயிருந்து ஒரு பொண்ணு. வண்டி என்ன கண்டிஷன் சார்னு கேட்டுச்சு. கேட்டுச்சேன்னு முழுசாச் சொன்னேன். ரொம்பப் பொறுமையாக் கேட்டுச்சு அந்தப் பொண்ணு. "ஒரு நிமிசம் லைன்ல இருங்க சார்"னுச்சு. இருந்தேன். பாட்டு ஓடுச்சு. அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப மூணு தடவை ஓடினதுக்கு அப்புறம் கட்டாயிடுச்சு. மறுபடி கூப்பிடும்னு போனைக் கையிலயே வச்சிருந்தேன்.

சரி, இப்படியே போனா எப்படின்னு, இந்த மாசம் ஒரு முடிவு எடுத்தேன். வண்டியை நல்ல ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டுபோய், பிரிச்சுப் பாத்து, காரணம் டயர்தான்னு எழுத்துல வாங்கிடணும். வாங்கி மகளுக்கு அனுப்பணும். அவளுக்கே தெரிஞ்சுடும், அப்பா சும்மா சொல்லலைன்னு. தெரிஞ்சா எல்லாம் சரியாப் போயிடும்ல? அப்படித்தான் நெனச்சேன்.

திண்டுக்கல்ல ஜமீல் பாய்னு ஒருத்தர். இந்த மாதிரி வண்டிக்கு அவர்தான்னு சொன்னாங்க. அம்பது வயசு இருக்கும். அதிகம் பேசமாட்டாரு. வண்டியைத் தூக்குற லிஃப்ட்டுல ஏத்தினாரு. நான் ஃபைலை எடுத்துக்கிட்டு பக்கத்துலயே நின்னுகிட்டேன். மொத வேலையா, "பாய், டயரைப் பாருங்க"ன்னேன்.

பாத்தாரு. சின்னதா ஒரு கருவி வச்சு ஒவ்வொரு டயரோட பள்ளத்தையும் அளந்தாரு. "முன்னாடிக்கும் பின்னாடிக்கும் ஒண்ணரை மில்லிதான் சார் வித்தியாசம். மூணு வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. பின் டயர் எப்ப மாத்தினது?"

ஃபைலைப் புரட்டினேன். முன் டயர் மாத்தினதுக்கு ஏழு மாசம் முன்னாடிதான் பின்னாடி ரெண்டையும் மாத்தியிருக்கேன். என் கையெழுத்துலயே இருக்கு, எனக்குத்தான் மறந்துபோச்சு. பின்னாடி ரெண்டும் புதுசுதானே மாமான்னுதான் மாப்பிள்ளை அன்னைக்குச் சொல்ல வந்திருக்காரு போல.

"ஒரே கம்பெனி, ஒரே அளவு பாத்துத்தான் போட்டிருக்காரு உங்க மாப்பிள்ளை"ன்னாரு பாய். நான் ஃபைலை மூடினேன்.

அப்புறம் அந்தக் கப்ளிங்குக்குக் கீழ ஒரு தட்டை வச்சு, போல்ட்டைக் கழட்டினாரு. ஆயில் விழுந்துச்சு. விழுந்துச்சுன்னு சொல்ல முடியாது. தார் மாதிரி தொங்கிச்சு. கருகின வாடை. உள்ள ஒரு பம்ப் இருக்கும், அதுக்கு வாயில சின்னதா ஒரு சல்லடை. அதைக் கழட்டிக் காட்டினாரு. சல்லடைன்னே தெரியல, மூஞ்சி முழுக்கக் களிம்பு. "இது அடைச்சுக்கிச்சு. பம்ப் ஆயிலை இழுக்க முடியாம முக்கி முக்கி எரிஞ்சுபோச்சு. அதான் பின்சக்கரம் பிடிக்கல. இந்த ஆயிலை எப்ப சார் மாத்தினீங்க?"

"அதை மாத்த வேண்டியதே இல்லயே பாய். அது சீல் பண்ணினது. வண்டி உள்ள வரைக்கும் வரும்."

"யார் சொன்னா?"

நான்தான் சொன்னேன். வேற யார் சொல்லுவா. எங்கயோ படிச்சேன். அப்படித்தான் படிச்ச ஞாபகம்.

"அறுபதாயிரத்துல மாத்தணும் சார். வண்டி ஒரு லட்சத்து எட்டாயிரம் ஓடியிருக்கு"ன்னுட்டு, என் கையிலயிருந்த ஃபைலை வாங்கிப் புரட்டினாரு. அதுல அறுபதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸ் ரசீது இருக்கு. கம்பெனி சர்வீஸ்ல அவங்க லிஸ்ட் போட்டிருக்காங்க. என்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில். நாலாவது வரி, ஆல் வீல் டிரைவ் கப்ளிங் ஆயில், சல்லடை சுத்தம். அந்த நாலாவது வரியை ஒருத்தர் சிவப்பு மையில அடிச்சு, "தேவையில்லை"ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டிருக்காரு. ஆதிமூலம், உ.பொ., ஓய்வு.

பாய் அதைப் படிச்சாரு. என்னைப் பாக்கல. ஃபைலை மெதுவா மூடிக் கையில குடுத்துட்டு, கை துடைக்கப் போயிட்டாரு. நல்ல மனுசன். திரும்பி வந்து, "ரிப்போர்ட் எழுதித் தரணும்னு கேட்டீங்களே சார், என்னன்னு எழுதட்டும்?"னாரு.

அங்க ஒரு பழைய சீட் கிடந்துச்சு, ஏதோ வண்டியிலயிருந்து கழட்டினது. அதுல உக்காந்துட்டேன். அவரு டீ வாங்கிக் குடுத்தாரு. ஆறிப்போச்சு.

நீங்க என்ன நெனப்பீங்கன்னு தெரியும். ஆனா நான் தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்கற ஆளுதான். அன்னைக்கு மத்தியானமே கிளம்பிட்டேன். அந்த ஆயிலை ஒரு தண்ணி பாட்டில்ல ஊத்தி வாங்கிக்கிட்டு, இதே மாதிரி ஒரு பஸ்ல பெரியகுளம் போய் எறங்கி, நேரா மெடிக்கலுக்குப் போனேன். மாப்பிள்ளை ஒரு அம்மாவுக்கு இருமல் மருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தாரு. பாட்டிலைக் கண்ணாடி மேசை மேல வச்சேன். "மாப்பிள்ளை, டயர் இல்ல. ஆயில்"னேன்.

அந்த அம்மா பாட்டிலைப் பாத்துப் பயந்துபோச்சு, ஏதோ மருந்துன்னு.

மாப்பிள்ளை என்னைப் பாத்தாரு, பாட்டிலைப் பாத்தாரு. பாட்டிலுக்கு அடியில ஒரு பழைய பேப்பரை மடிச்சு வச்சாரு, கறை படாம. "உக்காருங்க மாமா. சாப்டீங்களா?"ன்னாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். ஒண்ணரை மில்லி, சல்லடை, பம்ப், என் கையெழுத்து, எதையும் மறைக்கல. நடுவுல ரெண்டு பேர் மாத்திரை வாங்க வந்தாங்க, அவங்க போற வரைக்கும் நிறுத்திட்டு மறுபடி சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "சரி மாமா. பரவாயில்ல. வாங்க, வீட்டுக்குப் போவோம்"னு கடையைச் சாத்திட்டுக் கூட்டிக்கிட்டுப் போனாரு.

வீட்டுல மகளுக்கும் முதல்லயிருந்து சொன்னேன். அவ நின்னுக்கிட்டே கேட்டா. முடிச்சதும், "அப்பா, ஒண்ணு கேக்கறேன். டயர்தான் காரணம்னே இருந்திருந்தா?"ன்னா.

"இருந்திருந்தா என்னம்மா?"

"அன்னைக்கு மண்டபத்துல பேசினது சரியாயிடுமா?"

தம்பி, நான் பொய் சொல்லல, எனக்கு அந்தக் கேள்வி புரியல. டயர்தான்னா, பேசினது சரிதானே? அதுக்குத்தானே இத்தனை மாசம் ஆதாரத்தைக் காப்பாத்தினேன்? அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம், "கை கழுவிட்டு வாங்கப்பா, தோசை ஊத்தறேன்"னு உள்ள போயிட்டா. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

பேத்தி கதவுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்துச்சு. "தாத்தாடி, போ"ன்னு சொன்னாங்க. வரல.

தமயந்தி அடுப்படியில அவரைக்காய் நார் எடுத்துக்கிட்டிருந்தா. இளைச்சிருப்பான்னு நெனச்சேன், நல்லாத்தான் இருந்தா. அந்தப் பக்கத்து வெயில் ஒத்துக்கிச்சு போல. "வண்டி அடுத்த வாரம் ரெடி ஆயிடும். புது பம்ப் போடுறாங்க. கிளம்பலாம்ல?"ன்னேன்.

"எங்க?"

"எங்கன்னா? நம்ம வீட்டுக்குத்தான்."

"அங்க வந்து நான் யார்கூடப் பேசுறது?"

"ஏன், நான் இருக்கேன்ல?"ன்னேன்.

சிரிச்சா தம்பி. வாய் விட்டு. அவ அப்படிச் சிரிச்சு ரொம்ப வருசம் ஆச்சு. சரி, சந்தோசமாத்தான் இருக்கான்னு எனக்கும் ஒரு நிம்மதி. ராத்திரி தங்கச் சொன்னாங்க. வண்டி வேலை நடக்கறப்ப பக்கத்துல நிக்கணும்னு சொல்லிட்டு கடைசி பஸ்ஸைப் பிடிச்சேன். பஸ்ஸுல வந்து உக்காந்த பிறகு அந்தச் சிரிப்பை நெனச்சுப் பாத்தேன். வத்தலக்குண்டு வர்ற வரைக்கும் அதையேதான் நெனச்சேன். அது சந்தோசத்துல சிரிச்ச சிரிப்பான்னு எனக்கு அதுக்கப்புறம் சந்தேகமாயிடுச்சு.

வண்டி வேலைக்கு நாலு நாள் ஆச்சு. பம்ப் கோயம்புத்தூர்லயிருந்து வரணும். நாலு நாளும் திண்டுக்கல்ல ஒரு லாட்ஜுல தங்கி, காலையில போய் அந்தப் பழைய சீட்டுல உக்காந்துப்பேன். பாய் வேலை செய்வாரு. வந்து போறவங்க என்ன சார் வண்டின்னு கேப்பாங்க. முதல் ரெண்டு நாள் சொன்னேன். டயர் இல்ல, ஆயில்னு. மூணாவது நாள் ஒருத்தர் கேட்டப்ப, சும்மா சர்வீஸ்தான்னு சொல்லிட்டேன். ஏன்னு தெரியல. சொல்லப் பிடிக்கல.

நேத்து புது பம்ப் போட்டு, சல்லடை மாத்தி, புது ஆயில் ஊத்தினாங்க. தேன் மாதிரி இருந்துச்சு ஆயில். பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் ஆயிலையும் சேத்து மாத்தினாரு. இன்னைக்குக் காலையில ஊருக்கு வெளிய கண்மாய்க் கரையில ஏத்தி ஓட்டிப் பாக்கக் கூட்டிட்டுப் போனாரு. நல்ல சேறு. நான்தான் ஓட்டினேன். முன்சக்கரம் லேசா வழுக்கின உடனே, பின்னாடி வந்து யாரோ முதுகுல கை வச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு சத்தம் இல்ல. ஏறிப்போச்சு. மேல போய் வண்டியை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் எறங்காம இருந்தேன். பாய் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாரு.

நேத்து சாயங்காலமே தமயந்திக்குப் போன் பண்ணியிருந்தேன். "நாளைக்கு வண்டி ரெடி. எடுத்துக்கிட்டு நேரா அங்க வரேன், துணியெல்லாம் எடுத்து வை"ன்னேன். சிக்னல் போச்சான்னு பாத்தேன். அப்புறம் சொன்னா: "வண்டி வேண்டாம். பஸ்ல வாங்க. வந்து ஒரு வாரம் இருங்க. அதுக்கப்புறம் நான் வரேனா இல்லயான்னு சொல்றேன்."

"ஒரு வாரம் அங்க இருந்து நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். சும்மா இருங்க."

"வண்டியில வந்தா என்ன?"

"வண்டியில வந்தா வண்டியைப் பத்தியே பேசுவீங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டா.

முப்பத்தெட்டு வருசத்துல அவ இவ்வளவு நீளமா எனக்கு ஒண்ணைச் சொன்னதில்ல. இல்ல, சொல்லியிருக்கலாம். தெரியல.

காலையில பாய் சாவியை நீட்டினாரு. கையை நீட்டினேன், அப்புறம் இழுத்துக்கிட்டேன். "ஒரு வாரம் இங்கயே நிக்கட்டும் பாய். நான் பஸ்ல போறேன்"னேன். "நிழல்ல போட்டு வைக்கிறேன் சார். ரெண்டு நாளைக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணி விடுறேன்"னாரு. பஸ் ஸ்டாண்டுல பேத்திக்கு என்ன வாங்கறதுன்னு தெரியாம அரை மணி நேரம் நின்னேன். என்ன பிடிக்கும்னு தெரியல. கடைசியில ஆரஞ்சு வாங்கினேன். எங்க வீட்டுலயே அத்தனை மரம் இருக்கு, பாருங்க.

தேவதானப்பட்டி தாண்டிட்டோமா? அப்ப இன்னும் கொஞ்ச தூரந்தான்.

நான்தான் பேசிக்கிட்டே வந்திருக்கேன். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி? ஆயிடுச்சா. மாமனார் இருக்காரா? அவரு உங்ககிட்ட என்ன பேசுவாரு? இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இன்னும் பத்து நிமிசத்துல நான் போய் எறங்கணும். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்னு சொல்லியிருக்காரு. கடைக்குப் போற வழியெல்லாம் ரெண்டு பேரும் நடக்கணும். வண்டியைப் பத்திப் பேசக் கூடாது. அதை விட்டா அவர்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமே தெரியல. எட்டு வருசமா மாப்பிள்ளை. அவருக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா, சொல்லத் தெரியல.

ஒண்ணும் பேசமாட்டாரா? பக்கத்துல உக்காந்து டிவி பாப்பாரா. நீங்களும் பாப்பீங்களா. ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசாமயா? எவ்வளவு நேரம்?

சரி. அது எனக்கு வருமான்னு தெரியல.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க தம்பி, படிக்கட்டு பக்கம் போய் நின்னுக்கறேன். அதோ, அந்தக் கட்டம்போட்ட சட்டை, குடை வச்சுக்கிட்டு நிக்கறாரே, அவருதான். ரெண்டு குடை வச்சிருக்காரு பாருங்க.